இரவு இரண்டு மணிக்குச் சொல்லும் ‘ஆண்டவரே’

கேள்வி: என் கணவர் பக்கவாதத்தில் படுத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. படுக்கைப்புண் வந்துவிடக் கூடாது என்பதற்காக இரவிலும் இரண்டு மணிக்கொரு தரம் எழுந்து அவரைத் திருப்பிப் படுக்க வைக்கிறேன். சபையில் எல்லாரும், “கர்த்தர் உன்னைப் புடமிடுகிறார், பொன்னாக விளங்குவாய்” என்கிறார்கள். எனக்கோ கோபமும் எரிச்சலும்தான் கூடியிருக்கின்றன. போன வாரம், மாற்றிய விரிப்பை அவர் உடனே நனைத்துவிட்டார் என்று அவரிடம் கத்திவிட்டு, குளியலறையில் நின்று அழுதேன். முன்புபோல ஜெபிக்க முடிவதில்லை. அவரைத் திருப்பும்போது ‘ஆண்டவரே’ என்ற ஒரு சொல் மட்டும் வருகிறது. துன்பம் விசுவாசியை வளர்க்கும் என்கிறது வேதம். நானோ சுருங்கிக்கொண்டே போகிறேன். என் விசுவாசத்தில்தான் குறையா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் கடைசி வரிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, உங்கள் விசுவாசத்தில் குறை இருப்பதாக நான் நினைக்கவில்லை. பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, “இவன் குருடனாய்ப் பிறந்தது யார் செய்த பாவம், இவனுடையதா, இவன் பெற்றோருடையதா?” என்று சீடர்கள் கேட்டபோது, இயேசு இரண்டையும் மறுத்ததை யோவான் 9-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். துன்பப்படுகிறவரிடம் குறையைத் தேடும் பழக்கம் அன்றே இருந்தது; அதற்கு அன்றே பதிலும் சொல்லப்பட்டுவிட்டது.

உங்களுக்குச் சொல்லப்படும் ஆறுதலுக்குப் பெரும்பாலும் ஆதாரமாக எடுக்கப்படுவது ரோமர் 5-ஆம் அதிகாரம். “உபத்திரவம் பொறுமையையும், பொறுமை பரீட்சையையும், பரீட்சை நம்பிக்கையையும் உண்டாக்குகிறது” என்று பவுல் எழுதுகிறார். நானும் ஒரு காலத்தில் துக்க வீடுகளில் இதை அவசரமாக வாசித்துவிட்டுத் திரும்பியவன்தான். அந்த அவசரத்துக்காக இன்றும் வருந்துகிறேன். இந்த வசனத்தில் ‘பொறுமை’ என்று மொழிபெயர்க்கப்பட்டுள்ள கிரேக்கச் சொல் ஹூபொமொனே. பாரத்தின் கீழே தங்கியிருத்தல், விட்டு ஓடாமல் நிற்றல் என்பதே அதன் வேர்ப்பொருள். நாம் ‘பொறுமை’ என்றதும் முகம் சுளிக்காத, குரல் உயராத, எதையும் சிரித்தபடி ஏற்றுக்கொள்ளும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்கிறோம். அந்தக் கற்பனையோடு நம்மை ஒப்பிட்டுப் பார்த்துத்தான், நாம் தேறவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம்.

அதே சொல்லை யாக்கோபு தம் நிருபத்தின் 5-ஆம் அதிகாரத்தில் யாருக்குப் பயன்படுத்துகிறார் என்று பாருங்கள். “யோபின் பொறுமையைக் குறித்துக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்” என்கிறார். பிள்ளைகளையும் சொத்தையும் உடல்நலத்தையும் இழந்த அந்த யோபு எப்படிப் பேசினார்? 3-ஆம் அதிகாரத்தில், தாம் பிறந்த நாளையே சபிக்கிறார். அதன் பின்னர் அதிகாரம் அதிகாரமாகக் கடவுளோடு வழக்காடுகிறார், குற்றம் சாட்டுகிறார், பதில் கேட்டு நச்சரிக்கிறார். அவருடைய நண்பர்களோ கடவுளுக்காக வாதாடுகிறோம் என்று எண்ணிக்கொண்டு, துன்பத்துக்குப் பொருத்தமான காரணங்களையும் பாடங்களையும் அடுக்குகிறார்கள். முடிவில், 42-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் அந்த நண்பர்களிடம்தான் கோபம் கொள்கிறார். தம்மைக் குறித்துச் சரியாகப் பேசியவர் யோபுதான் என்கிறார். அந்த நண்பர்கள் செய்த ஒரே நல்ல காரியம், தொடக்கத்தில் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்ததுதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. வாய்க்கு வந்ததையெல்லாம் கடவுளிடம் கேட்ட அந்த மனிதரைத்தான் வேதம் பொறுமைக்கு எடுத்துக்காட்டாக நிறுத்துகிறது. ஆகவே உங்களுக்குள் இருக்கும் கோபத்தைக் கடவுளிடம் கொண்டுபோவதில் தவறில்லை. 13-ஆம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனங்களிலேயே தாவீது “எதுவரைக்கும்” என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். 88-ஆம் சங்கீதமோ ஆறுதல் எதையும் எட்டாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் வேதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

ஆனால் கணவரிடம் கத்தியது வேறு விஷயம், அதை இதனோடு கலக்க வேண்டாம். அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். அவரால் பதில் பேச முடியாவிட்டாலும் கையைப் பிடித்துக்கொண்டு, “அன்றைக்குக் கத்திவிட்டேன், களைப்பில் செய்தது, மன்னித்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லுங்கள். அது உங்கள் இருவருக்கும் நல்லது. அந்த ஒரு நிமிடத்தை வைத்து மூன்று ஆண்டுகளை எடைபோட வேண்டாம்.

இப்போது உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரிக்கு வருகிறேன். ஜெபிக்க முடிவதில்லை என்று எழுதிவிட்டு, அடுத்த மூச்சிலேயே, அவரைத் திருப்பும்போது ‘ஆண்டவரே’ என்ற சொல் வருகிறது என்கிறீர்கள். சகோதரி, அது ஜெபம். தண்ணீரில் அமிழத் தொடங்கிய பேதுரு, “ஆண்டவரே, என்னை இரட்சியும்” என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. கெத்செமனேயில் இயேசுவே மூன்றாந்தரம் ஜெபித்தபோது புதிதாக எதையும் சொல்லாமல், முன்பு சொன்ன அந்த வார்த்தைகளையே சொன்னார் என்று மத்தேயு எழுதுகிறார். இருட்டில், பாதித் தூக்கத்தில், அவருடைய தோளுக்கும் இடுப்புக்கும் கீழே கைகளைக் கொடுத்து, முழுப் பாரத்தையும் உங்கள் பக்கம் இழுக்கிற அந்தக் கணத்தில் உங்கள் வாயில் வருவது அந்தப் பெயர்தான். பாரத்தின் கீழே தங்கியிருத்தல் என்று பவுல் சொன்னதை நான் இதைவிடத் தெளிவாக உங்களுக்கு விளக்க முடியாது.

வளர்ச்சி வளர்கிறவருக்குத் தெரிய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 1997-இல் மறைந்த அன்னை தெரசாவின் தனிப்பட்ட கடிதங்கள் 2007-இல் நூலாக வெளிவந்தபோது, அவர் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் உள்ளத்தில் வறட்சியையும் இருளையும் சுமந்தபடியே பணி செய்திருந்தார் என்பது உலகுக்குத் தெரிந்தது. உங்களைச் சுருங்கச் செய்வதாக நீங்கள் உணர்வது அருள் இல்லாமையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை, தூக்கமின்மையாகவும் இருக்கலாம்.

இதை நான் இலேசாகச் சொல்லவில்லை. சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்ட எலியா தீர்க்கதரிசியிடம் வந்த தூதன் உபதேசம் எதுவும் செய்யவில்லை. “எழுந்திருந்து போஜனம்பண்ணு” என்றான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. எலியா சாப்பிட்டார், மறுபடியும் தூங்கினார். தூதன் இரண்டாந்தரமும் வந்து சாப்பிடச் சொன்னான். கடவுளின் மெல்லிய சத்தம் கேட்டது அதற்கெல்லாம் பிறகுதான். ஆகவே நீங்களும் ஒரு மருத்துவரைப் பாருங்கள். எலியாவைப் போல வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எப்போதாவது வந்தால், அதை ஒருநாளும் தள்ளிப்போடாமல் அவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் போதகரிடமும் ஒன்று கேளுங்கள். “ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து” என்று கலாத்தியர் 6-இல் எழுதியிருப்பது சபைக்குத்தான். புடமிடுதலைப் பற்றி உங்களிடம் பேசியவர்களில் இரண்டு பேர், வாரத்தில் இரண்டு இரவுகள் உங்கள் வீட்டுக்கு வந்து, இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் எழுந்து அவரைத் திருப்பட்டும். எப்படித் திருப்புவது, எந்தப் பக்கம் தலையணை வைப்பது என்பதை முதல் நாள் நீங்கள் காட்டிக்கொடுங்கள். பிறகு அடுத்த அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, விடியும்வரை தூங்குங்கள்.