கல்லுப் பாதைக்கு எந்த ரயர்? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என்னட்ட 26 இஞ்சி மவுண்டன் சைக்கிள் ஒண்டு நிக்குது. கீரிமலைக் கடற்கரைப் பக்கமும் நெடுந்தீவிலும் ஓடுறனான். பின் ரயர் பக்கத்தால கிழியுது, மேல்க் குமிழ் தேயவே இல்லை. இன்னும் பெரிய குமிழ் உள்ள ரயர் போடச் சொல்லுறார் கடைக்காரர். அது சரியோ?
— சங்கானை வாசகர்

பதில்: சரியில்லை. குமிழ் மண்ணைப் பிடிப்பதற்கானது. கல் வெட்டாமல் காப்பது குமிழுக்கு அடியிலும் பக்கச்சுவரிலும் ஓடும் நைலோன் துணி. உங்களுக்குக் கிழிவது பக்கச்சுவர் என்றால், காசைக் குமிழில் போடாமல் துணியில் போடுங்கள்.

எங்கள் பக்கத்துக் கல்லின் குணமும் இதில் உண்டு. சுண்ணக்கல்லை மழைநீர் கரைத்துக் கரைத்துக் குழியும் கூர் விளிம்புமாக விட்டுவிடுகிறது. நெடுந்தீவின் முருகைக்கல்லும் அப்படித்தான், உடைந்த இடம் அரம் போல இருக்கும். ஆற்றுக்கல் உருண்டை, ரயர் அதன்மேல் ஏறி இறங்கும். இந்தக் கல்லிலோ ரயர் வழுக்கி இறங்கும்போது பக்கச்சுவர் விளிம்போடு உரசிக்கொண்டு போகிறது. சாதாரண ரயரில் அந்த இடத்தில் இருப்பது மெல்லிய துணியும் அதன்மேல் ஒரு றப்பர்ப் பூச்சும் மட்டுமே.

ஆகவே கடையில் முதலில் கேட்க வேண்டியது, பக்கச்சுவரில் பாதுகாப்புத் துணி இருக்கிறதா, எத்தனை மடிப்பு என்பதைத்தான். நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் வேறு. மக்சிஸ் ரயரில் ‘எக்ஸோ’ என்று அச்சிட்டிருந்தால் பக்கச்சுவரில் ஒரு பாதுகாப்புத் துணி இருக்கிறது. ‘டபிள்டவுண்’ என்றால் முழு ரயரும் இரட்டை மடிப்பு. ஷ்வால்பேயில் ‘சூப்பர் டிரெயில்’ நடுத்தரம், ‘சூப்பர் கிராவிட்டி’ அதைவிடத் தடிப்பு. கொன்ரினென்ரலில் ‘டிரெயில்’, ‘என்டியூரோ’, ‘டவுண்ஹில்’ என்று படிப்படியாகத் தடிக்கும். ரயரின் மொடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். மக்சிஸ் மினியன் என்ற ஒரே பெயரில் மெல்லியதும் உண்டு, தடித்ததும் உண்டு. படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

பக்கத்தில் எழுதியிருக்கும் டிபிஐ எண் பலரைக் குழப்புகிறது. அது ஒரு இஞ்சியில் எத்தனை நூல் என்ற கணக்கு. 120 பெரிய எண் என்பதால் பலமும் கூட என்று நினைப்பார்கள். உண்மையில் நூல் மெலிந்தால்தான் ஒரு இஞ்சிக்குள் அத்தனை நூல் அடங்கும். 120 உள்ளது நெகிழும், பிடிமானம் நல்லது. ஒற்றை மடிப்பாக இருந்தால் வெட்டுக்குத் தாங்காது. 60 உள்ளதில் நூல் தடிப்பு. இரட்டை மடிப்பு 120 என்றால் அது வேறு கதை, அது பலமானதே.

எழுத்தை நம்ப மனமில்லையென்றால் நிறுத்துப் பாருங்கள். கடையில் தராசு இல்லாவிட்டால் பக்கத்துப் பலசரக்குக் கடைத் தராசு போதும். 26 இஞ்சி, 2.3 அகல ரயர் 600 கிராம் அளவில் இருந்தால் அது மண் பாதைக்கானது. பக்கப் பாதுகாப்புள்ளது 800 கிராமை ஒட்டி வரும். இரட்டை மடிப்பு ஒரு கிலோவைத் தாண்டும். 29 இஞ்சியில் 2.4, 2.5 அகலம் என்றால் பாதுகாப்புள்ளது ஒரு கிலோ அளவில், இரட்டை மடிப்பு 1.2 கிலோவுக்கு மேல். ஆனால் மலிவான ரயர்களில் வெறும் றப்பரைக் கூட்டியும் பாரம் வரும். அதனால் பக்கச்சுவரை இரண்டு விரலால் கிள்ளி மடித்துப் பாருங்கள். கடதாசி போல மடிந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

குமிழைப் பொறுத்தவரை, கல்லுக்கு நடுத்தர உயரமும் அகலமான தலையும் உள்ளதாக, நெருக்கமாக இருக்கட்டும். உயரமான குமிழ் கல்லில் வளைந்து, நாளடைவில் அடியோடு பிய்ந்துவிடும். பின் சக்கரத்தில்தான் பாரம் கூட விழுகிறது, அடியும் கூட. ஒன்றுக்கு மட்டும் காசு இருந்தால் தடித்த ரயரைப் பின்னுக்கு வாங்குங்கள். முன்னுக்கு மென்மையான றப்பர், பின்னுக்குச் சற்றுக் கடினமான றப்பர் என்பது நல்ல சேர்மானம். மென்மையானது கல்லைப் பிடிக்கும், ஆனால் தார் ரோட்டில் சீக்கிரம் தேயும். சங்கானையிலிருந்து கீரிமலைக்குத் தாரில்தான் போவீர்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

அகலத்தைக் கூட்டுவதற்கு முன் சைக்கிளின் சட்டத்தை (பிறேம்) அளவுங்கள். சக்கரம் இருக்கும் நிலையில் ரயருக்கும் சட்டத்துக்கும் இடையில் இரு பக்கமும் குறைந்தது 6 மில்லிமீற்றர் மிஞ்ச வேண்டும். பழைய 26 இஞ்சிச் சட்டங்களில் பெரும்பாலும் 2.3 வரைக்குத்தான் இடம் இருக்கும். 26 இஞ்சிக்கு நல்ல ரயர்த் தெரிவு குறைந்துகொண்டே வருகிறது. உங்கள் அளவில் பாதுகாப்புள்ளது கிடைத்தால் விடாதீர்கள்.

கேள்வி: 26 எண்டு கேட்டுத்தான் வாங்கினனான். ரயர் றிம்மில ஏறவே மாட்டன் எண்டுது. ரயர் பிழையோ, றிம் பிழையோ?
— சாவகச்சேரி வாசகர்

பதில்: இரண்டும் சரி, அளவுதான் வேறு. ‘26 இஞ்சி’ என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகள் இருக்கின்றன. 26 × 1.95, 26 × 2.125 என்று புள்ளி போட்டு எழுதியது மவுண்டன் சைக்கிள் ரயர். அது உட்காரும் விட்டம் 559 மில்லிமீற்றர். 26 × 1 3/8 என்று பின்னமாக எழுதியது வழமையான ரோட்டுச் சைக்கிளுடையது. அதன் விட்டம் 590. முப்பது மில்லிமீற்றர் வித்தியாசம், எந்த நெம்புகோலாலும் ஏற்ற முடியாது. 28, 29 இஞ்சியிலும் பெயரில் உள்ள எண்ணை நம்ப முடியாது: 28 × 1 1/2 என்ற பழைய பெரிய சைக்கிள் ரயர் 635, இப்போதைய 29 இஞ்சி மவுண்டன் ரயர் 622.

பழைய ரயரின் பக்கத்தில் 57-559 என்பது போல ஒரு எண் இருக்கும். முதலாவது அகலம், இரண்டாவது விட்டம், இரண்டும் மில்லிமீற்றரில். இரண்டாவது எண்ணை எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். 27.5 இஞ்சி என்பவர்களுக்கு அந்த எண் 584.

கேள்வி: முள்ளும் இல்லை ஆணியும் இல்லை, ஆனா ரியூப்பில பக்கம் பக்கமா இரண்டு ஓட்டை. ஒட்டினா அடுத்த கிழமை திரும்ப அப்பிடியே வருது. புது ரயர் வாங்கினாத் தீருமோ?
— பருத்தித்துறை வாசகர்

பதில்: முதலில் காற்றைப் பாருங்கள். கல்லில் சக்கரம் இடிக்கும்போது ரயர் முழுதாக அமுங்கி, றிம்மின் இரண்டு விளிம்புக்கும் கல்லுக்கும் நடுவில் ரியூப் நசிகிறது. அதனால்தான் இரட்டை ஓட்டை. தடித்த ரயர் இதைக் குறைக்கும், ஆனால் காற்றுக் குறைந்தால் எந்த ரயரும் நசியும்.

70 கிலோ ஆள், 2.3 அகல ரயர், உள்ளே ரியூப் என்றால் முன்னுக்கு 30, பின்னுக்கு 33 பிஎஸ்ஐயில் (பம்மின் மானியில் காட்டும் காற்றழுத்த அளவு) தொடங்குங்கள். திரும்ப நசிந்தால் 2 பிஎஸ்ஐ கூட்டுங்கள். கூட்டிக்கொண்டே போனால் சைக்கிள் கல்லில் துள்ளும், பிடிமானம் போகும்; 40ஐத் தாண்டவேண்டி வந்தால் ரயரைத்தான் மாற்ற வேண்டும், அல்லது அகலமானதுக்குப் போக வேண்டும். பெருவிரலால் அமத்திப் பார்ப்பது இந்த வேலைக்குப் போதாது. 25க்கும் 32க்கும் விரலில் வித்தியாசம் தெரியாது, கல்லில் தெரியும். அளவுமானி உள்ள நிலப் பம் ஒன்று வாங்குங்கள். ஒரு ரயரின் விலைக்குள் அடங்கும்.

வெயிலில் நிறுத்திய சைக்கிளில் காற்றுக் கூடிக் காட்டும். 30 பாகையிலிருந்து 50 பாகைக்கு ரயர் சூடானால் 30 பிஎஸ்ஐ ஏறத்தாழ 33 ஆகும். அதைப் பார்த்துக் காற்றை இறக்காதீர்கள், காலையில் நிழலில் அளவுங்கள்.

ஒட்டுப் போடும்போது இரண்டு ஓட்டையையும் ஒரே பெரிய ஒட்டால் மூடுங்கள். அரத்தாளால் நன்றாகத் தேய்த்து, சொலூசன் பூசி, பளபளப்புப் போய் மங்கும் வரைக்கும் ஐந்து நிமிடமாவது விட்டு, பிறகு ஒட்டை வைத்து அமத்துங்கள். ஈரச் சொலூசனில் வைத்த ஒட்டுத்தான் கிழமைக்குள் கழருகிறது.

கேள்வி: ரியூப் இல்லாத ரயர் எங்கட ஊருக்குச் சரிவருமோ?
— நல்லூர் வாசகர்

பதில்: முள்ளுக்கு மிக நன்றாகச் சரிவரும். உடை முள்ளும் நெருஞ்சியும் குத்தும் சிறு துளைகளை, ரயருக்குள் ஊற்றும் ‘பால்’ என்ற ஓட்டை அடைக்கும் திரவம் உடனே அடைத்துவிடும். நசிவதற்கு ரியூப்பே இல்லாததால் 24, 26 பிஎஸ்ஐயில் ஓடலாம். ஆனால் பக்கச்சுவர் நீளமாக வெட்டுப்பட்டால் பால் நிற்காது. தடித்த ரயர் வாங்காமல் தப்ப இது வழியல்ல.

றிம்மும் ரயரும் இரண்டுமே இதற்கென்று செய்யப்பட்டவையாக இருக்க வேண்டும். சாதாரண றிம்மில் நாடா சுற்றிச் செய்தால், வளைவில் பாரம் சாயும்போது ரயர் விளிம்பிலிருந்து கழன்று காற்று முழுதும் ஒரேயடியாகப் போகும். கல்லில் அது ஆபத்தான விழுகை.

26 இஞ்சிக்கு 80 முதல் 100 மில்லிலீற்றர் பால், 29 இஞ்சிக்கு 100 முதல் 120. ரயர் விளிம்பில் சோப்புத் தண்ணி பூசி, மோட்டார் சைக்கிள் திருத்துமிடத்துக் கொம்பிரசரால் ஒரே மூச்சில் காற்று விட்டால் ‘டக்’ என்று உட்காரும். ரயரிலும் றிம்மிலும் எழுதியுள்ள உச்ச அளவைத் தாண்ட விடாதீர்கள். எங்கள் வெக்கைக்குப் பால் சீக்கிரம் காயும். இரண்டு மாதத்துக்கு ஒருக்கால் வால்வைக் கழற்றி, ஈர்க்கு ஒன்றை விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டாவிட்டால் பால் ஊற்ற வேண்டிய நேரம். பாலைக் கவனிக்க நேரமில்லாதவர்கள் தடித்த ரயரும் நல்ல ரியூப்பும் போடுவதே மேல்.

கேள்வி: காத்தே தேவையில்லாத திண்ம ரயர் விக்கிறாங்கள். வாங்கலாமோ?
— மானிப்பாய் வாசகர்

பதில்: கல்லுக்கு வேண்டாம். காற்று உள்வாங்க வேண்டிய அடி முழுதும் றிம்முக்கும் கம்பிக்கும் உங்கள் மணிக்கட்டுக்கும் போகும். ரயர் தப்பும், றிம் நெளியும்.

கேள்வி: பாதையில வைச்சு ரயர் கிழிஞ்சா வீடு வந்து சேர என்ன செய்யலாம்? புது ரயர் வாங்கி ஒரு நாளில கிழிஞ்சா கடைக்காரர் மாத்தித் தருவாரோ?
— காரைநகர் வாசகர்

பதில்: கிழிசலுக்கு உள்ளே ரியூப் துண்டு வைப்பது பலரின் வழக்கம். அது நிற்காது. ரியூப் றப்பர் இழுபடும். காற்று ஏறியதும் கிழிசலால் வெளியே பிதுங்கும். இழுபடாத ஒன்று வேண்டும்: பழைய ரோட்டுச் சைக்கிள் ரயரின் பக்கச்சுவரில் வெட்டிய 4 இஞ்சித் துண்டு, அல்லது பால்மாப் பையை நாலாக மடித்தது. கிழிசலை விட எல்லாப் பக்கமும் ஒரு இஞ்சி கூட இருக்க வேண்டும். துண்டின் ஓரத்தைச் சீவி மெலிதாக்குங்கள், இல்லாவிட்டால் அந்த ஓரமே ரியூப்பை அரிக்கும். காற்றை 20, 25 பிஎஸ்ஐக்கு மேல் ஏற்றாமல் மெதுவாக வாருங்கள். நூல் அறுந்த ரயரை அதன்பிறகு கல்லுக்குக் கொண்டுபோகக் கூடாது.

மாற்றித் தருவது கிழிந்த காரணத்தைப் பொறுத்தது. கல் வெட்டியதற்குப் பொதுவாக நிறுவனங்கள் பொறுப்பேற்பதில்லை. செய்கைக் குறை என்றால் கேட்கலாம்: விளிம்புக் கம்பி பிரிதல், துணி பொங்கிக் கட்டி போல எழும்புதல், சக்கரத்தைச் சுற்றினால் ரயர் பாம்பு போல நெளிதல். நெளிவதைப் பார்த்தால், விளிம்பை ஒட்டி ரயரைச் சுற்றி ஓடும் மெல்லிய கோட்டை முதலில் கவனியுங்கள். அது றிம்முக்கு மேல் எங்கும் ஒரே உயரத்தில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் உள்ளே போயிருந்தால் ரயர் சரியாக உட்காரவில்லை என்றே அர்த்தம். காற்றை இறக்கி, சோப்புத் தண்ணி பூசித் திரும்ப ஏற்றுங்கள். கோடு சீராக இருந்தும் நெளிந்தால் அது ரயரின் குறை. கல்லில் ஓடுவதற்கு முன்பே படம் எடுத்துக்கொண்டு, பற்றுச்சீட்டோடு கடைக்குப் போங்கள். பற்றுச்சீட்டில் ரயரின் பெயரும் அளவும் துணி வகையும் எழுதப்பட்டிருக்க வேண்டும், வெறுமனே ‘ரயர் 1’ என்று இருந்தால் எதையும் நிறுவ முடியாது. கடைக்காரர் மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.