அண்ணனைப் பற்றி ஒரே ஒரு வரி

கேள்வி: எனக்கு வயது 54. பள்ளிப் பருவத்தில் அண்ணன் வாங்கி வந்த ‘விஷ் யூ வேர் ஹியர்’ இசைத்தட்டில்தான் பிங்க் ஃபிளாய்ட் என்ற ஆங்கில ராக் இசைக்குழுவை முதலில் கேட்டேன். இன்றும் வாரத்தில் நான்கு இரவாவது விளக்கை அணைத்துவிட்டு அதைக் கேட்கிறேன், கண் கலங்கிவிடுகிறது. இது நோய் என்கிறாள் மனைவி. அண்ணன் மனநலம் பாதிக்கப்பட்டுப் பல ஆண்டுகளாக ஓர் இல்லத்தில் இருக்கிறார், மாதப் பணம் நான்தான் கட்டுகிறேன். 1975-இல் வந்த ஓர் ஆல்பம் ஒருவனை இவ்வளவு காலம் பிடித்து வைத்திருப்பது இயல்புதானா?

பதில்: இயல்பா இல்லையா என்று சொல்லிக்கொண்டு நேரத்தைக் கடத்த நான் விரும்பவில்லை. பழைய பாட்டைக் கேட்டால் அழுகை வருகிறது என்று எனக்கு வரும் கடிதங்கள் ஏராளம். உங்கள் முழுக் கடிதம் மூன்று பக்கம். இசைத்தட்டின் உறை எங்கே கிழிந்திருக்கிறது, ஊசியை எப்போது மாற்றினீர்கள் என்பதையெல்லாம் எழுதிய நீங்கள், அண்ணனுக்கு ஒரே ஒரு வரி ஒதுக்கியிருக்கிறீர்கள். அதிலும் பாதி, பணம் கட்டுவதைப் பற்றியது. அவர் பெயர் இல்லை. அவரைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்பதும் இல்லை.

அந்த ஆல்பம் யாரை நினைத்து உருவானது என்பது உங்களுக்குத் தெரியாததா? குழுவின் தொடக்க காலப் பாடல்களை எழுதிய சிட் பாரெட், மனம் நிலைகுலைந்து 1968-இல் அதைவிட்டு விலக நேர்ந்தது. ஒன்பது பகுதிகளாக ஏறத்தாழ 26 நிமிடம் நீளும் ‘ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்’ என்ற பாடல் அவருக்காக எழுதியது. அதை இரண்டாகப் பிரித்து ஆல்பத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் வைத்தார்கள். 1975 ஜூனில், லண்டன் ஆபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் அந்த வேலை நடந்துகொண்டிருந்தபோது, உடல் பருத்து, தலையையும் புருவத்தையும் மழித்திருந்த ஒருவர் உள்ளே வந்து நின்றார். அவர்தான் பாரெட் என்பது கூட வாசித்த நண்பர்களுக்கே சற்று நேரம் தெரியவில்லை. தெரிந்ததும் குழுவில் இருந்த ரோஜர் வாட்டர்ஸ் அழுதுவிட்டார்.

தலைப்புப் பாடலின் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். யாரோ வானொலியின் குமிழைத் திருகத் திருக, நிலையங்கள் மாறி, எங்கோ தொலைவில் ஒரு கிட்டார் மெலிந்த ஒலியில் கேட்கிறது. பிறகு நமக்கு மிக அருகில் ஒருவர் இருமுகிறார். தம் கிட்டாரை எடுத்து அந்த வானொலிக் கிட்டாரோடு சேர்ந்து வாசிக்கத் தொடங்குகிறார். கூட இல்லாத ஒருவரோடு தன் அறையில் இருந்தபடியே சேர்ந்து வாசிக்கிற மனிதர் அவர். வார்த்தை வருவதற்கு முன்பே பிரிவை ஒலியின் தூரத்தாலேயே சொல்லிவிடுவதால்தான் அந்த ஆல்பம் 50 ஆண்டு கடந்தும் நிற்கிறது என்பது என் எண்ணம். நீங்கள் விளக்கை அணைத்துவிட்டுச் செய்வதும் அதையேதான். உங்கள் அண்ணன் உயிரோடு இருக்கும்போது அதைச் செய்கிறீர்கள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பாரெட் 2006-இல் தம் 60-ஆவது வயதில் இறந்தார். அதுவரை அவர் பாடல்களுக்குரிய ராயல்டி பணம் ஒழுங்காகப் போய்ச் சேரும்படி பார்த்துக்கொண்டவர் குழுவின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மர். ஆனால் அந்த நீண்ட காலத்தில் பாரெட்டைப் போய்ப் பார்க்கவில்லை என்று கில்மரே பின்னாளில் வருந்தியிருக்கிறார். பழைய நண்பர்கள் வருவதை பாரெட்டின் குடும்பத்தார் விரும்பவில்லை என்ற காரணமாவது கில்மருக்கு இருந்தது. உங்களைத் தடுத்தது யார்? குடும்பத்தார் என்று சொல்ல அண்ணனுக்கு இருப்பவரே நீங்கள்தானே?

உடன்பிறந்தவரைப் பார்க்கப் போவது, மனம் வந்தால் செய்கிற காரியம் என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். மாதப் பணம் இல்லத்தின் கணக்கைத்தான் தீர்க்கும். அவர் முகம் கொடுத்துப் பேசாமல் போகலாம், உங்களை அடையாளம் காணாமலும் போகலாம். அப்போதும் அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வரத்தான் வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமையே புறப்படுங்கள், மனைவியையும் கூட்டிக்கொண்டு. அந்த இசைத்தட்டு அவர் வாங்கியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை மறுபடி கேட்க அவருக்கு விருப்பமா என்று அவரிடமே கேளுங்கள். திரும்பி வந்து எனக்கு எழுதும் கடிதத்தில் அவர் பெயரை எழுதுங்கள்.