உப்புவெளிக் கடலுக்கு மேல் சிவப்பும் பச்சையுமாக மின்னுவது

கடலுக்கு மேல் மின்னுவது ட்ரோனா என்று கேட்டீர்கள். ட்ரோன் இல்லை, பெரும்பாலும் வெள்ளிக் கிரகம்தான். நம் ஆட்கள் சொல்லும் விடிவெள்ளி.

விடிய நாலரைக்குத் திருகோணமலைப் பக்கத்து உப்புவெளிக் கடலுக்குச் சற்று மேலே சிவப்பும் பச்சையுமாகத் துடிக்கிறது என்றீர்கள். அந்த நிறம் கிரகத்தில் இல்லை, நம் காற்றில் இருக்கிறது. அடிவானத்தருகே ஒளி சாய்வாக, உச்சியில் இருப்பதைவிடப் பல மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. அது ஒளியை முப்பட்டகம் போலப் பிரித்து, போதாததற்குக் குலுக்கியும் விடுகிறது.

நாளைக்குக் கையை நீட்டி, விரல்களை மடக்கி முஷ்டியாக்கிக் கடல்விளிம்பில் வைத்துப் பாருங்கள். அந்த முஷ்டியின் உயரம் சுமார் 10 பாகை. 40 நிமிடத்தில் வெளிச்சம் அவ்வளவு உயரம் ஏறி, துடிப்பும் அடங்கினால் அது கிரகம், பெரும்பாலும் வெள்ளிதான். வள்ளத்து விளக்கு ஏறாது.

ஏறிய பிறகும் மின்னிக்கொண்டே இருந்தால் ஏதோ நட்சத்திரம், அப்போது என் பதில் பிழை. அப்புறம், பைனாகுலர் பிடித்தால் சூரியன் எழுமுன் இறக்கிவிடுங்கள்.