கன்றும் கயிறும் பத்து விநாடியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவின் டெக்சாஸில் நடந்த ரோடியோ (மாட்டுப்பண்ணை வேலைத்திறன் போட்டி) ஒன்றின் காணொளியைப் பார்த்தேன். குதிரை வீரர் கன்றின் கழுத்தில் சுருக்கு வீசி, இறங்கி ஓடி, அதன் கால்களைக் கட்டி முடிக்க எட்டு விநாடிகூட ஆகவில்லை. ஆனால் 17 விநாடிக்கு மேல் என்று அறிவித்தார்கள். கடிகாரத்தில் பிழையா, நடுவரிடமா?
– வாசகர் ஒருவர், ஈரோடு

பதில்: இரண்டிலும் பிழையில்லை. அந்த வீரர் தடைக்கயிற்றை உடைத்திருக்கிறார். அதற்கான தண்டம் 10 விநாடி. கன்றைச் சுருக்கிட்டுக் கட்டும் இந்தப் போட்டியைப் புரிந்துகொள்ள முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விதியே இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கன்று ஒரு குறுகிய அடைப்பில் நிற்கும். அதன் பக்கத்திலேயே, முன்புறம் திறந்த ஓர் அறையின் பின்மூலையில் வீரர் குதிரைமீது காத்திருப்பார். அறையின் திறந்த பக்கத்தில் குறுக்காக ஒரு தடைக்கயிறு இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். வீரர் தலையசைத்ததும் கன்று விடப்படும். கன்றின் கழுத்தில் தளர்வாக மாட்டிய ஒரு மெல்லிய கயிறு அந்தத் தடையின் விசையோடு இணைக்கப்பட்டிருப்பதால், குறிப்பிட்ட தூரத்தைக் கன்று ஓடிக் கடந்த கணத்தில் தடை தானாக விடுபடும். கழுத்துக் கயிறும் அவிழ்ந்து விழுந்துவிடும். அதற்கு முன்பே குதிரையின் மார்பு தடையில் மோதி அதை அறுத்துவிட்டால், எடுத்த நேரத்தோடு 10 விநாடி கூட்டப்படும். எட்டு, ஒன்பது விநாடிகளில் வெற்றி தீர்மானமாகும் போட்டியில் இந்தத் தண்டத்திற்குப் பின் பரிசை நினைத்தும் பார்க்க முடியாது.

அப்படியானால் தடை திறந்த பிறகு நிதானமாகக் கிளம்பலாமே என்று தோன்றும். அப்படிக் கிளம்புபவரும் தோற்பார். நின்ற நிலையிலிருந்து குதிரை வேகமெடுப்பதற்குள் கன்று முழு ஓட்டத்தில் வெகுதூரம் போயிருக்கும். ஆகவே தடை திறக்கும் முன்பே குதிரை பின்மூலையிலிருந்து பாய்ந்து புறப்பட்டு, தடை விடுபடும் அதே கணத்தில் அந்த இடத்தை அடைய வேண்டும். இதற்காக வீரர்கள் கன்றின் உடலில் ஓர் இடத்தைக் குறிவைத்துக் கொள்வார்கள்: தோள் இந்தப் புள்ளியைத் தாண்டியதும் புறப்படுவது, அல்லது இடுப்பு தாண்டியதும் புறப்படுவது என்று. அந்தப் புள்ளி களத்துக்குக் களம் மாறும். வயோமிங் மாநிலத்தின் செயென் நகரில் 1897 முதல் நடக்கும் புகழ்பெற்ற ரோடியோவில் கன்றுக்குக் கொடுக்கும் முன்தூரம் மிக நீண்டது. அங்கே பத்து விநாடியைத் தாண்டிய நேரமும் மதிப்புள்ளதுதான். ஆண்டின் இறுதிப்போட்டி நடக்கும் லாஸ் வேகாஸின் உள்ளரங்கிலோ முன்தூரம் மிகக் குறைவு. ஏழெட்டு விநாடிக்குள் முடிக்காமல் பரிசுப் பணம் கிடைக்காது. தமக்கு முன் ஓடுபவர்களின் புறப்பாட்டை வீரர்கள் கண்கொட்டாமல் கவனிப்பதற்குக் காரணம் இதுவே. சுருக்கு வீசும் அழகில் நாம் மயங்குகிறோம். ஆனால் என் கணிப்பில் பாதி ஆட்டங்கள் சுருக்கு கையைவிட்டுப் போகும் முன்பே முடிவாகிவிடுகின்றன.

கேள்வி: கட்டி முடித்ததும் வீரர் கைகளை உயர்த்துகிறார். பிறகும் எல்லோரும் காத்திருக்கிறார்களே, ஏன்?
– வாசகி ஒருவர், தஞ்சாவூர்

பதில்: கைகளை உயர்த்தியதும் கள நடுவர் கொடியைத் தாழ்த்துவார், கடிகாரம் அங்கே நின்றுவிடும். ஆனால் அந்த நேரம் இன்னும் உறுதியாகவில்லை. வீரர் மறுபடி குதிரையில் ஏறி, அதை முன்னே நகர்த்தி, கன்றுக்கும் குதிரைக்கும் இடையிலான கயிற்றைத் தளர்த்த வேண்டும். அதன்பின் 6 விநாடி கன்று கட்டிலேயே கிடக்க வேண்டும். கைகளை உயர்த்திய பிறகு வீரர் கன்றைத் தொடக்கூடாது. ஆறு விநாடிக்குள் அது உதைத்துக் காலை விடுவித்துக் கொண்டால் நேரமே கிடையாது.

கட்டுக்கும் இலக்கணம் உண்டு. ஏதேனும் மூன்று கால்களைச் சேர்த்து, குறைந்தது ஒரு முழுச் சுற்றும் ஓர் அரைமுடிச்சும் இருக்க வேண்டும். கட்டப் பயன்படும் குறுங்கயிற்றைக் கைகள் ஒழிவாக இருப்பதற்காக வீரர்கள் பல்லில் கவ்வியபடியே வருவார்கள். இன்னொரு விதி பலர் கண்ணில் படுவதில்லை. வீரர் ஓடிவந்து சேரும்போது கன்று ஏற்கெனவே விழுந்து கிடந்தால், அதை எழுந்து நிற்க விட்டு, பிறகு தம் கையால்தான் சாய்க்க வேண்டும். அதைவிட அடிப்படையானது, வீரரின் கை கன்றின்மீது படும்வரை சுருக்கு அதைப் பிடித்திருக்க வேண்டும் என்பது.

கேள்வி: வீரர் இறங்கி ஓடும்போது குதிரை மட்டும் தனியாக நின்று கயிற்றை இழுத்துப் பிடிக்கிறது. இதை எப்படிப் பழக்குகிறார்கள்? பாராட்டு முழுவதும் வீரருக்கே போவது நியாயமா?
– வாசகர் ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: நியாயமில்லை என்றே நானும் எண்ணுகிறேன். இதில் குதிரைக்கு நான்கு வேலைகள் உண்டு. புறப்படும்வரை அறையின் மூலையில் அசையாமல் நிற்க வேண்டும். பதற்றத்தில் துள்ளும் குதிரை தடையை உடைத்துவிடும். பாய்ந்ததும் கன்றின் வேகத்துக்கு ஈடுகொடுத்து, சுருக்கு வீச ஏற்ற தொலைவில், முந்தாமலும் பிந்தாமலும் ஓட வேண்டும். வீரர் இறங்கத் தொடங்கும்போதே பின்னங்கால்களை அழுத்தி நிற்க வேண்டும். கடைசியாக, கயிறு தொய்யாதபடி கன்றை நோக்கி நின்று, தேவையான அளவு மட்டும் பின்வாங்க வேண்டும்.

இந்தக் கடைசி வேலைதான் மிகக் கடினம். சுருக்குக் கயிற்றின் மறுமுனை சேணக்கொம்பில், அதாவது சேணத்தின் முன்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் முனையில், இறுகக் கட்டப்பட்டிருக்கும். குதிரையின் கழுத்தைச் சுற்றிய மற்றொரு கயிற்று வளையத்தின் வழியாக அது செல்வதால் குதிரை திரும்பிவிடாமல் கன்றை நோக்கியே நிற்கும். அது பின்வாங்காமல் நின்றுவிட்டால் கயிறு தொய்ந்து, கன்று சுற்றிச் சுற்றி ஓடும். வீரருக்கு இரண்டு மூன்று விநாடி வீணாகும். அளவுக்கு மீறிப் பின்வாங்கினால் கன்று தரையில் இழுபடும். அது கன்றுக்கும் கேடு, கட்டுபவருக்கும் இடைஞ்சல். குறுந்தூர ஓட்டத்துக்குப் பெயர்பெற்ற அமெரிக்கக் குவார்ட்டர் இனக் குதிரைகளே பெரும்பாலும் இதற்குத் தேர்வாகின்றன. அவற்றை ஆண்டுக்கணக்கில் பொறுமையாகப் பழக்குகிறார்கள். நல்ல குதிரை இல்லாத வீரர் மற்றவரின் குதிரையைக் கேட்டு வாங்கி ஓட்டி, வென்ற தொகையில் ஒரு பங்கை உரிமையாளருக்குக் கொடுப்பது வழக்கம்.

கேள்வி: உத்தி என்று எதைச் சொல்கிறார்கள்? வேகம்தானே எல்லாம்?
– வாசகர் ஒருவர், திருநெல்வேலி

பதில்: எந்த அளவு வேகம், எப்போது என்பதுதான் உத்தி. கன்றுகள் சீட்டுக் குலுக்கலில் ஒதுக்கப்படுகின்றன. தமக்கு விழுந்த கன்று நேராக ஓடுமா, இடப்பக்கம் ஒதுங்குமா, உதைக்குமா என்று, அதை முன்பு எதிர்கொண்டவர்களிடம் வீரர்கள் விசாரித்துக் கொள்வார்கள். தொழில்முறைப் போட்டிகளில் கன்றின் எடை பொதுவாக 220 முதல் 280 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 100 முதல் 127 கிலோ. கன்று துள்ளும் கணத்தில் அதன் முதுகுக்கு மேலாகக் கையை நீட்டி, விலாப்புறத் தோலைப் பற்றி, முழங்காலால் உந்திச் சாய்ப்பதே இன்றைய முறை. கன்று துள்ளும்வரை காத்திருக்கத் தெரியாதவர் அதனோடு மல்லுக்கட்டி நேரத்தை இழப்பார்.

பிறகு கட்டு. ஒரு சுற்றும் முடிச்சும் போட்டால் ஏறக்குறைய அரை விநாடி மிச்சம். ஆனால் உதைக்கும் கன்று அவிழ்த்துக்கொள்ளும் வாய்ப்பு கூடும். இரண்டு சுற்று பாதுகாப்பானது. எதைத் தேர்வது என்பதை அப்போதைய கணக்கு முடிவு செய்யும். ஆண்டின் இறுதிப்போட்டி 1985 முதல் லாஸ் வேகாஸில் நடக்கிறது. 2020 மட்டும் விதிவிலக்கு. பருவத்தில் அதிகம் சம்பாதித்த 15 பேர் அங்கே பத்துச் சுற்றுகள் ஓடுவார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் தனிப் பரிசு உண்டு. பத்துச் சுற்றின் மொத்த நேரத்துக்கும் பெரும் பரிசு உண்டு. உலகப் பட்டமோ ஆண்டு முழுவதும் சேர்ந்த பணத்தைப் பொறுத்தது. முன்னணியில் இருப்பவர் ஒரு கன்றைக்கூடத் தவறவிடாமல் மொத்தக் கணக்கைக் காப்பாற்றப் பார்ப்பார். பின்தங்கியவர் தடையின் விளிம்பில் புறப்பட்டு, ஒற்றைச் சுற்றுக் கட்டோடு சுற்றுப் பரிசுக்குத் துணிவார். இவ்விரண்டையும் இடமறிந்து செய்யத் தெரிந்தவர்களே நீண்ட காலம் ஆண்டிருக்கிறார்கள்: 1955க்கும் 1969க்கும் இடையில் எட்டு முறை இந்தப் பட்டத்தை வென்ற டீன் ஆலிவர், 1976இல் முதல் பட்டமும் 1980 முதல் 1984 வரை தொடர்ந்து ஐந்தும் பெற்ற ராய் கூப்பர், 1991 முதல் 2005 வரை ஏழு முறை வென்ற கறுப்பின வீரர் ஃப்ரெட் விட்ஃபீல்ட்.

கேள்வி: ஓடும் கன்றை இப்படிச் சுண்டி இழுப்பது வதையல்லவா?
– வாசகி ஒருவர், புதுச்சேரி

பதில்: இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு இந்த விளையாட்டைப் பேசக்கூடாது. மேய்ச்சல் நிலத்தில் நோயுற்ற கன்றைப் பிடித்து மருந்திடவும் சூட்டுக்குறி போடவும் இந்த வேலை தேவைப்பட்டது. அங்கிருந்தே போட்டி பிறந்தது. ஆனால் பண்ணையில் யாரும் விநாடிக்கணக்குப் பார்த்து ஓடுவதில்லை. வேகமாக ஓடும் கன்று கயிற்றின் முனையில் திடீரென நிற்கும்போது கழுத்தில் விழும் விசை பெரிது. சில சமயம் அது மல்லாக்கப் புரண்டு விழுகிறது. அப்படி விழச் செய்பவருக்குத் தண்டம் விதிக்கும் விதி பல ரோடியோக்களில் இருக்கிறது. அது எல்லா இடங்களிலும் இருக்க வேண்டும், தகுதியிழப்பாகவே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நல்ல குதிரையும், கயிற்றைத் தளர்த்தி வாங்கத் தெரிந்த கையும் இருந்தால் அந்த அதிர்ச்சியைப் பெருமளவு குறைக்க முடியும். முடிந்ததைச் செய்யாதவருக்குப் பரிசு எதற்கு? பிரிட்டனில் 1934ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய ரோடியோக் காட்சிகளுக்கு வழியில்லாமல் செய்தது. அமெரிக்காவிலேயே ரோட் ஐலண்ட் மாநிலம் கன்றைக் கட்டும் போட்டியை அனுமதிப்பதில்லை.

கேள்வி: பெண்கள் இதில் பங்கேற்கிறார்களா?
– கல்லூரி மாணவி ஒருவர், சேலம்

பதில்: பெரும்பாலும் இதன் மாற்று வடிவமான ‘பிரேக்அவே’ போட்டியில். அதில் கயிறு சேணக்கொம்பில் மெல்லிய நூலால் மட்டுமே கட்டப்பட்டிருக்கும். சுருக்கு கழுத்தில் விழுந்து, குதிரை நின்று, கயிறு இறுகியதும் நூல் அறுந்து கடிகாரம் நிற்கும். கன்று கீழே சாய்க்கப்படுவதுமில்லை, கட்டப்படுவதுமில்லை. தடைக்கயிற்று விதியும் 10 விநாடித் தண்டமும் இங்கும் அப்படியே உண்டு. இரண்டு மூன்று விநாடிகளில் முடிந்துவிடுவதால் புறப்பாட்டின் துல்லியம் இதில் இன்னும் கூர்மையாகத் தெரியும். தொழில்முறை இறுதிப்போட்டியோடு சேர்த்து இதற்கான தேசிய இறுதி முதன்முறையாக 2020இல் டெக்சாஸின் ஆர்லிங்டன் நகரில் நடந்தது. அந்த ஆண்டின் உலகப் பட்டம் ஜாக்கி கிராஃபோர்டுக்குக் கிடைத்தது.