கான்வாஸ் எம்பிராய்டரி: இண்டு இடுக்குப் பின்னணிகள் (கேள்வி பதில்)

குன்னூர் வாசகி: அங்குலத்துக்கு 14 கண் கான்வாஸில் தேநீர்க் கோப்பை தைக்கிறேன். பின்னணி, 3×3 ஸ்காட்ச் தையல் (சாய்வுத் தையல்கள் சேர்ந்து ஒரு சதுரக் கட்டமாவது). கோப்பையின் காதுக்குள் ஐந்து தையல் அகலமே இருக்கிறது. அங்கு வேறு தையல் போடலாமா?

பதில்: வேண்டாம். காதுக்குள் தெரிவதும் அதே பின்னணிதான். வேறு தையல் வைத்தால் ஒட்டுப் போட்டதுபோல் நிற்கும். ஒரு தையலின் கட்டம் மூன்று முறையாவது திரும்ப வந்தால்தான் கண்ணுக்குப் பிடிபடும். உங்கள் இடத்தில் இரண்டு முறைகூட முழுதாக வராது, மீதியெல்லாம் அரைகுறை. அதனால் பின்னணித் தையலைப் பெரிய பரப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், குறுகலான இடத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். முழுப் பின்னணிக்கும் 2×2 மொசைக் தையல் (அதே மாதிரி, இன்னும் சின்னக் கட்டம்) என்றால், மூன்று முறை வராவிட்டாலும் ஓரளவு சமாளிக்கும். வெளியே ஸ்காட்ச் தைத்தாகிவிட்டது என்றால், கட்டக் கோடுகள் கைப்பிடிக்கு அடியில் ஓடுவதாக எண்ணிக்கொண்டே உள்ளே வாருங்கள். விளிம்பு குறுக்கிடும் இடத்தில் சாய்வை மாற்றாமல் தையலைக் குட்டையாக்குங்கள். எதற்கும் முன்னால் கான்வாஸின் ஓரத்தில் தைத்துப் பாருங்கள்.

கூடலூர்: இரண்டு இலைகளுக்கு நடுவே இரண்டு தையல் அகலம்?

பதில்: டென்ட் தையல். இழைகள் குறுக்கிடும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சின்னச் சாய்வுத் தையல்.

அருவங்காடு: இடுக்கில் பாஸ்கெட்வீவ் திரும்பவே முடியவில்லை.

பதில்: இரண்டும் டென்ட் தையல்தான்: பாஸ்கெட்வீவ் மூலைவாட்டு வரிசையில் போவது, கான்டினென்டல் நேர் வரிசையில் போவது. இடுக்கில் மட்டும் கான்டினென்டல் போடுங்கள். முன்பக்கம் வித்தியாசம் தெரியாது. பெரிய பரப்பில் அது கான்வாஸைக் கோணலாக இழுக்கும், அதனால் அங்கு பாஸ்கெட்வீவ்தான்.

கோத்தகிரி: பேத்தியின் பெயரில் ‘ண’ வருகிறது. சுழிகளுக்குள் எந்தத் தையல் நல்லது?

பதில்: எழுத்தை முதலில் முடியுங்கள். உள்ளே டென்ட். நீளத் தையல் வளைவின் விளிம்பைத் தின்றுவிடும். முக்கியமாக, கறுப்பு நூலைச் சுழிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போகாதீர்கள்; வெளிர் பின்னணியில் நிழல் அடிக்கும்.

ஊட்டி: தோடர் பூவேலையைக் கான்வாஸில் எடுத்து, சிவப்பு, கறுப்பு வடிவங்களுக்கு நடுவே வெள்ளை நூல் நிரப்பலாமா? அதுவும் எண்ணித் தைப்பதுதானே?

பதில்: எண்ணுவதில் ஒற்றுமை, அதோடு சரி. நம் வேலையில் கான்வாஸ் முழுக்க மூடப்பட வேண்டும். தோடர்கள் போர்த்தும் பூத்துக்குளியில் துணியே பின்னணி. தோடப் பெண்கள் துணியில் படம் வரையாமல், சட்டமும் இல்லாமல், மறுபக்கத்திலிருந்து இழை எண்ணித் தைக்கிறார்கள். நூல் மேடுதட்டி நிற்பதே அதன் அழகு. சுற்றிலும் நிரப்பினால் அந்த மேடு அமுங்கிவிடும்.

ஊட்டி, இன்னொருவர்: பின்னணி இல்லை என்கிறீர்களா? வடிவங்களுக்கு நடுவே விடும் வெள்ளையும் எண்ணி விடுவதுதான்.

பதில்: துணியே பின்னணி என்றேன், இல்லை என்று சொல்லவில்லை. எண்ணி விட்ட வெள்ளை என்பதால்தான் அதன்மேல் நூலோட்ட மனம் வரவில்லை.

வெலிங்டன்: அப்படியானால் தோடர் வடிவம் எடுக்கவே கூடாதா? விற்பனைக்குத்தான் கேட்கிறேன்.

பதில்: வீட்டில் பழகுவது வேறு. தோடர் எம்பிராய்டரிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கான்வாஸில் தைத்ததை அந்தப் பெயரில் விற்காதீர்கள். வேண்டுபவர்களை மந்துகளில் (தோடர் குடியிருப்புகளில்) தைக்கும் பெண்களிடமே அனுப்புங்கள். இந்தப் பேச்சு போதும், ஊசிக்குத் திரும்புவோம்.

குன்னூர், மற்றொருவர்: சின்ன இடத்துக்கு எந்தத் தையல் நல்லது?

பதில்: மேலே படியுங்கள். பிறகு ஓரத்தில் தைத்துப் பாருங்கள்.

கோத்தகிரி: முடித்த துண்டு கோணலாகிவிட்டது. நனைத்து, நேராக இழுத்து, ஊசி குத்திக் காயவிடலாமா?

பதில்: சிவப்பு நூல் சாயம் விடுகிறதா என்று ஈரப் பஞ்சால் ஒற்றிப் பார்த்துவிட்டு நனையுங்கள். துருப்பிடிக்காத ஊசிகளையே குத்துங்கள். ஜூலை மழையில் நம் ஊரில் எளிதில் காயாது. முழுக்கக் காயும்வரை ஊசியைப் பிடுங்காதீர்கள்.

கூடலூர்: மெத்தை உறையாக்க என்ன செலவாகும்?

பதில்: தையற்காரரைக் கேளுங்கள்.