பல ஆண்டுகள் நின்றுபோன ஜிஎம்சி ராணுவ லாரி: எந்த வேலையை முதலில் தொடங்குவது?

கேள்வி: நான் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் வசிக்கிறேன். ஒரு பண்ணை ஏலத்தில் 1943இல் செய்த அமெரிக்க ஜிஎம்சி ராணுவ லாரி ஒன்றை வாங்கியிருக்கிறேன். மூடிய கேபின், நீள சேஸி. இருபது ஆண்டுகளுக்கு மேல் கொட்டகையிலேயே நின்ற வண்டி. "புது பேட்டரி போட்டு, கார்புரேட்டரில் கொஞ்சம் பெட்ரோல் விட்டால் கிளம்பிவிடும்" என்கிறார் நண்பர். கார் வேலை எனக்கு ஓரளவு தெரியும். அடுத்த ஜூனில் இதை பிரான்ஸின் நார்மண்டிக்கு ஓட்டிப்போக ஆசை. எதிலிருந்து ஆரம்பிப்பது?

பதில்: நண்பர் சொல்வது போலவே அது கிளம்பிவிடக்கூடும். என் கவலையே அதுதான். அந்த 4.4 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின் அவ்வளவு லேசில் சாகாது. அது உறுமத் தொடங்கியதும் யாருக்கும் கை சும்மா இருக்காது. கியரைத் தட்டி முற்றத்தில் ஒரு சுற்று போகத் தோன்றும். வெறும் வண்டியே நாலரை டன்னை ஒட்டி வரும். அதை நிறுத்த உங்களிடம் இப்போது எதுவும் இல்லை. ஆகவே பிரேக்கை முடிக்கும்வரை பேட்டரி வாங்கவே வேண்டாம் என்பேன்.

இன்றைய வாகனங்களில் பிரேக் ஆயில் இரண்டு தனித்தனிப் பாதைகளில் போகும். ஒன்று போனால் மற்றொன்று காக்கும். இந்த லாரியில் பெடல் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் ஒன்றே, பாதையும் ஒன்றே, அதன் முனைகளில் சக்கரத்துக்கு ஒன்றாக ஆறு வீல் சிலிண்டர்கள். ஏதாவது ஒன்றில் ரப்பர் கிழிந்தாலும் பெடல் தரைக்குப் போய்விடும், ஆறு சக்கரங்களிலும் பிடிப்பு இருக்காது. ஹேண்ட் பிரேக்கையும் நம்பாதீர்கள். அது சக்கரங்களில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (எஞ்சின் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பின்னால் ஷாஃப்ட்டைப் பிடிக்கிறது. ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டால் அது எதையும் பிடிக்காது. எனவே ஜாக் வைக்கும்போதெல்லாம் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்துவிடுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் நுழையாதீர்கள், கனரக ஸ்டாண்டு கட்டாயம்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இத்தனை ஆண்டுகளில் அந்த ஈரம் சிலிண்டர்களின் உள்சுவரை அரித்துக் குழி குழியாக்கியிருக்கும். ரப்பரை மட்டும் மாற்றிவிட்டு மூடுவது வீண் வேலை, குழி விழுந்த சிலிண்டரில் புது ரப்பரும் சீக்கிரம் கிழியும். ஆறையும் புதிதாகப் போடுங்கள், அல்லது உள்ளே எஃகுக் குழாய் ஏற்றித் தரும் பட்டறையில் கொடுங்கள். இரும்புக் குழாய்களைக் கழற்றிவிட்டுச் செம்பு-நிக்கல் கலவைக் குழாய் போடலாம், துருப்பிடிக்காது, வளைப்பதும் எளிது. வளையும் ஹோஸ்கள் எல்லாம் புதிது. சிலிக்கோன் வகை ஆயில் விட விரும்பினால் எல்லாவற்றையும் புதிதாகப் போட்ட பிறகு மட்டும் விடுங்கள்; பழைய வகை ஆயிலோடு அது கலக்கக் கூடாது.

டிரம்மைத் திறக்கும்போது ஒன்று கவனியுங்கள். அந்தக் காலத்து லைனிங்கில் (டிரம்மை உரசிப் பிடிக்கும் பட்டை) ஆஸ்பெஸ்டாஸ் உண்டு, அதன் தூசி நுரையீரலுக்கு ஆபத்து. காற்றுக் குழாயால் ஊதிச் சுத்தம் செய்யும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் இந்த வண்டியில் அது கூடவே கூடாது. தகுந்த முகமூடி போட்டுக்கொண்டு, தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி, ஆஸ்பெஸ்டாஸ் கழிவு எடுக்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.

சேஸியில் ஹைட்ரோவாக் என்ற உருளை ஒன்று இருக்கும். எஞ்சினின் உறிஞ்சு விசையை வைத்து உங்கள் கால் அழுத்தத்தைப் பெருக்கித் தருவது அதுதான். இதன் உள் ரப்பர்கள் காய்ந்திருந்தால் பிரேக் ஆயில் வேக்குவம் குழாய் வழியாக எஞ்சினுக்குள் போய் எரியும். வெளியில் ஒரு சொட்டுக் கசிவும் தெரியாது. ஆயில் மட்டும் குறையும், புகைபோக்கியில் வெள்ளைப் புகை வரும். இதை அனுபவமுள்ளவரிடம் கொடுத்துப் புதுப்பித்துவிடுங்கள். பின்னால் எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஒரு சோதனை செய்யலாம். எஞ்சினை அணைத்து, பெடலைப் பலமுறை மிதித்துவிட்டு, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலடியில் லேசாகக் கீழே இறங்கினால் அது வேலை செய்கிறது.

பிரேக்குக்காகச் சக்கரத்தைக் கழற்றும் இடத்திலேயே பெரிய ஆபத்து ஒன்று காத்திருக்கிறது. இந்த 20 அங்குல ரிம் ஒரே துண்டு அல்ல. டயரை ஓரத்தில் ஒரு இரும்பு வளையம் பிடித்து நிறுத்துகிறது. துருப்பிடித்த வளையம், காற்று ஏறும்போது சரியாக உட்காராமல் தெறித்தால் ஆள் பிழைப்பது அரிது. லாரிப் பட்டறைகளில் உயிர்கள் இப்படிப் போயிருக்கின்றன. சக்கரத்தைத் தொடும் முன் வால்வின் உள்முள்ளைக் கழற்றிக் காற்றை முழுவதும் இறக்குங்கள். காற்று இருக்கும்போது வளையத்தைச் சுத்தியலால் தட்டாதீர்கள். டயர் மாற்றும் வேலையை இரும்புக் கூண்டு வைத்திருக்கும் கனரக டயர் கடையில் கொடுங்கள், அவர்களிடமும் "பல துண்டு ரிம்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். இதில் மட்டும் நீங்களே செய்துபார்க்கும் ஆசை வேண்டாம். டயரில் பட்டன் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து ஏமாறாதீர்கள். பக்கச்சுவரில் வெடிப்பு இருந்தால் பத்தையும் மாற்றத்தான் வேண்டும். டியூபும் அதற்கடியில் போகும் ஃபிளாப் என்ற ரப்பர் பட்டையும் சேர்த்து.

இடதுபக்கச் சக்கர நட்டுகள் எதிர்த்திசையில் கழலும். இது தெரியாமல் நீளக் குழாய் மாட்டி இழுத்து ஸ்டட்டை முறிப்பவர்கள் ஏராளம்.

இனி எஞ்சின். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் துரு இளக்கும் எண்ணெய் கொஞ்சம் விட்டுச் சில நாள் விடுங்கள். ராக்கர் மூடியைத் திறந்து, கிராங்க் கம்பியால் கையாலேயே மெல்லச் சுற்றுங்கள். எல்லா வால்வும் ஏறி இறங்குகிறதா என்று கண்ணால் பாருங்கள். ஒட்டிக்கொண்ட வால்வோடு செல்ஃப் மோட்டாரால் சுற்றினால் வால்வை இயக்கும் புஷ்ராடு என்ற கம்பி வளைந்துபோகும். கை அசைக்க மறுத்தால் பலம் காட்டாமல் மீண்டும் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றி அடியில் தார் போல் படிந்திருப்பதைச் சுரண்டி எடுத்த பிறகுதான் புது ஆயில். குளிர்நாட்டில் நின்ற வண்டி என்பதால் தண்ணீர் உறைந்து பிளாக் விரிசல் விட்டிருக்கிறதா என்று வெளிச்சுவரை நன்றாகப் பாருங்கள். எஞ்சின் வாழுமா வாழாதா என்பதை அதுவே சொல்லிவிடும்.

பழைய டேங்கை இப்போதைக்கு இணைக்கவே வேண்டாம், ஒரு சிறு கேனிலிருந்து பெட்ரோல் கொடுங்கள். பெட்ரோல் பம்பின் பழைய ரப்பர் சவ்வு எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலைத் தாங்காது. அதைத் தாங்கும் சவ்வாக மாற்றி, பங்கில் எத்தனால் குறைந்த E5 வகையையே போடுங்கள்.

மின்சாரம் 6 வோல்ட். 12 வோல்ட்டாக மாற்றச் சொல்லிப் பலர் வருவார்கள், நான் மாற்றமாட்டேன். 6 வோல்ட் வண்டி சோம்பலாகச் சுற்றுவதற்குப் பெரும்பாலும் மெல்லிய கார் கேபிள்தான் காரணம். அதே வேலைக்கு இரு மடங்கு கரண்ட் ஓட வேண்டியிருப்பதால் விரல் தடிமன் கேபிளும், பெயின்ட் சுரண்டிய எர்த் இணைப்பும் வேண்டும். அது போதும்.

கியர் பெட்டி, டிரான்ஸ்ஃபர் கேஸ், மூன்று டிஃபரென்ஷியல்கள் எல்லாவற்றிலும் ஆயிலை வடித்து, அதில் தண்ணீரோ இரும்புத்தூளோ வருகிறதா என்று பாருங்கள். உதிரிபாகம் வாங்கும் முன் உங்கள் ஆக்சில் எந்த வகை என்று உறுதிசெய்யுங்கள். இந்த லாரியில் 'ஸ்பிளிட்', 'பேஞ்சோ' என இரு வகை உண்டு, ஒன்றின் பாகம் மற்றதில் சேராது. பாகங்கள் கிடைக்குமா என்ற பயம் வேண்டாம். 5 லட்சத்துக்கும் மேல் செய்த வண்டி. போருக்குப் பிறகும் பிரெஞ்சு ராணுவம் பல பத்தாண்டுகள் இதை ஓட்டியதால் பிரான்ஸில் சரக்கு இன்னும் உண்டு. அமெரிக்க ராணுவத்தின் டிஎம் 9-801 கையேட்டின் பிரதி ஒன்றைப் பட்டறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூனுக்குள் முடியுமா? கேபின் துருவையும் பெயின்டையும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளினால் முடியும். பளபளப்பில் பணத்தைக் கரைத்துவிட்டு பிரேக்கில் சிக்கனம் பிடித்த வண்டிகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

முதல் ஓட்டம் சமதரையில், ஆள் நடமாட்டம் இல்லாத தனியார் இடத்தில் இருக்கட்டும். முன் ஆக்சிலை இணைக்காமல் ஓட்டுங்கள். தார்ச்சாலையில் அதை இணைத்தால் ஷாஃப்ட்டுகள் முறுக்கிக்கொள்ளும். ராணுவம் வகுத்த உச்ச வேகமே மணிக்கு 45 மைல்தான், நீங்கள் 35ஐத் தாண்ட வேண்டாம். சில மைல் போனதும் நிறுத்தி, ஆறு டிரம்முக்கும் அருகில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் விடாமல் பிடிக்கிறது. ஒன்று மட்டும் சில்லென்று இருந்தால் அது பிடிக்கவே இல்லை. அன்று மாலையே எல்லாச் சக்கர நட்டுகளையும் மறுபடி இறுக்குங்கள். பின்பக்க இரட்டைச் சக்கரங்களில் வெளி நட்டைத் தளர்த்திவிட்டு உள் நட்டை முதலில் இறுக்கி, அதன்பிறகு வெளி நட்டை இறுக்க வேண்டும்.