விசாரணைக் கடிதம், சிங்கள வாக்குமூலம், உண்டியல் காசு: பயங்கரவாதத் தடைச் சட்டம் பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே சட்டத்தைச் சுற்றியவை. இலங்கையின் 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் மூன்று ஆண்டுகளுக்கென்று கொண்டுவரப்பட்டது. 1982 இல் அதை நிரந்தரமாக்கினார்கள். அதன் கீழ் பிடிபட்டவர்களுக்காக நீதிமன்றத்தில் தோன்றிவரும் சட்டத்தரணி என்ற முறையில் பதில் சொல்கிறேன். கேட்டவர்களை அடையாளம் காட்டும் விபரங்களை எடுத்துவிட்டேன். இங்கே இருப்பது பொது விளக்கம். உங்கள் வழக்கைப் பற்றி உங்கள் சட்டத்தரணியிடம் கடதாசிகளோடு போய்க் கதையுங்கள்.

கோப்பாயிலிருந்து ஒரு தாய்: "மகனை விசாரணைக்குக் கொழும்புக்கு வரச்சொல்லி ரிஐடியில இருந்து கடிதம் வந்திருக்கு ஐயா. எல்லாம் சிங்களத்தில கிடக்கு. போகத்தான் வேணுமோ? போகாட்டில் வந்து பிடிச்சுக்கொண்டு போவினமோ?"

நாலாம் மாடி (கொழும்பில் குற்றப் புலனாய்வுத் திணைக்களம்), ரிஐடி (பயங்கரவாத விசாரணைப் பிரிவு) என்ற பேரைக் கேட்டாலே எங்கள் வீடுகளில் அடுப்பு எரியாது. உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது அம்மா. ஆனாலும் கடிதத்தை மறைத்து வைக்காதீர்கள். ஒரு குற்றத்தைப் பற்றித் தெரிந்தவர் என்று கருதும் ஆளை எழுத்தில் அழைக்கப் பொலிஸாருக்குக் குற்றவியல் நடவடிக்கைச் சட்டம் அதிகாரம் கொடுக்கிறது. பதிலே இல்லாமல் விட்டால் 'தலைமறைவு' என்று எழுத அவர்களுக்கு வசதியாகிவிடும்.

ஆகவே எழுத்துக்கு எழுத்தால் பதில் கொடுங்கள். சட்டத்தரணி ஊடாக ஒரு கடிதம்: எந்த விடயம் பற்றிய விசாரணை, மகன் சாட்சியா சந்தேக நபரா, யாழ்ப்பாணத்தில் வைத்து வாக்குமூலம் எடுக்க முடியுமா, தமிழில் அழைப்புத் தர முடியுமா. தமிழில் கேட்பது சலுகை கேட்பதல்ல. அரசியலமைப்பின்படி தமிழும் அரசகரும மொழி, வடக்குக் கிழக்கில் அதுவே நிர்வாக மொழியும். பதில் வந்தாலும் வராவிட்டாலும் குறித்த நாளில் மகனைத் தனியே அனுப்ப வேண்டாம். ஒரு உறவினர் கூடப் போகட்டும், வாசலில் நிற்கட்டும், உள்ளே போன நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் குறிக்கட்டும்.

அங்கேயே கைது செய்தால் கைதுக்கான பற்றுச்சீட்டைக் கேளுங்கள். உறவினருக்கு அதைக் கொடுக்க வேண்டும் என்று 1997 இலும் 2006 இலும் ஜனாதிபதிகள் பணிப்புரை விடுத்திருக்கிறார்கள். வாங்கும்போதே வாசியுங்கள்: அதிகாரியின் பெயர், தரம், பிரிவு, கைது செய்த இடம், திகதி, நேரம். நேரத்துக்குரிய இடம் வெறுமையாக இருந்தால் நிரப்பித் தரச் சொல்லுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு 48 மணித்தியாலத்துக்குள் அறிவிக்க வேண்டியது கைது செய்தவரின் கடமை. 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் 28 ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. அவர் அறிவிப்பார் என்று பார்த்துக்கொண்டிராமல் நீங்களும் அன்றைக்கே யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகத்தில் முறையிடுங்கள். ஆணைக்குழுவின் அவசர இலக்கம் 1996.

சாவகச்சேரியிலிருந்து ஒரு தம்பி: "அண்ணா தடுப்பில இருக்கேக்க சிங்களத்தில எழுதின நாலு தாளில கையெழுத்து வைச்சிட்டார். என்ன எழுதியிருந்தது எண்டு அவருக்கே தெரியாது. இனி ஒண்டும் செய்யேலாதோ?"

செய்யலாம். வேலையை இன்றைக்கே தொடங்க வேண்டும்.

சாதாரண குற்ற வழக்கில் பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு, எதிராகச் சான்றாக்க முடியாது. சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16 ஆம் பிரிவு அந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரி முன் கொடுத்த ஒப்புதல் சான்றாகிவிடும். அடித்து வாங்கியது என்றால் அதை எண்பிக்கும் சுமையும் எதிரியின் தலையில்தான். பூட்டிய அறைக்குள் நடந்ததை, அறைக்குள் பூட்டப்பட்டிருந்தவனே நிரூபிக்க வேண்டும். இந்தச் சட்டத்தில் என்னை மிகவும் வருத்தும் ஏற்பாடு இதுதான். 2022 ஆம் ஆண்டுத் திருத்தமும் இதைத் தொடவில்லை.

வழக்குத் தொடுநர் அந்தத் தாள்களை முன்வைக்கும்போது எதிர்ப்புத் தெரிவித்தால், மேல் நீதிமன்ற நீதிபதி உண்மை விளம்பல் விசாரணை (ஒப்புதல் சுயமாகக் கொடுக்கப்பட்டதா என்று பார்க்கும் தனி விசாரணை) நடத்துவார். வெல்வதும் தோற்பதும் அங்கேதான். அதற்கு வேண்டியவை: கைதுத் திகதிக்கும் ஒப்புதல் திகதிக்கும் இடையில் எத்தனை நாள், அந்த நாட்களில் எங்கே வைத்திருந்தார்கள், மொழிபெயர்த்தவர் யார், அவர் அதே பிரிவுப் பொலிஸ்காரரா, நீதவான் முன் முதன்முதலில் நிறுத்தியபோது அண்ணா ஏதாவது சொன்னாரா, சட்ட வைத்திய அதிகாரி பார்த்தாரா.

நான் தோன்றிய ஒரு வழக்கில் ஒப்புதல் முழுவதும் சிங்களத்தில் தட்டச்சில் இருந்தது. ஒவ்வொரு தாளின் அடியிலும் பொடியனின் தமிழ்க் கையெழுத்து. முதல் தாளில் எழுத்து நேராக நின்றது. கடைசித் தாளில் கோட்டை விட்டுக் கீழே சரிந்திருந்தது. வலது மணிக்கட்டுக் காயத்தைச் சட்ட வைத்திய அதிகாரி திகதியோடு குறித்திருந்தார். அந்த ஒரு பக்க அறிக்கைதான் வாக்குமூலத்தை விழுத்தியது. அண்ணாவை இன்னும் வைத்தியப் பரிசோதனைக்கு உட்படுத்தவில்லை என்றால், சட்டத்தரணி மூலம் நீதவானிடம் உடனே கேளுங்கள்.

இது எவ்வளவு பழைய காயம் என்பதற்கு நல்லரத்தினம் சிங்கராசாவின் வழக்கைப் பாருங்கள். சிங்களம் தெரியாதவர். சிங்களத்தில் தட்டச்சான ஒப்புதலில் பெருவிரல் அடையாளம். மொழிபெயர்த்தவர் ஒரு பொலிஸ்காரர். 1995 இல் 50 ஆண்டுச் சிறை. மேன்முறையீட்டில் 35 ஆகக் குறைந்தது. எண்பிக்கும் சுமையை அவர்மீது போட்டது நியாயமான விசாரணைக்கு விரோதம் என்று ஐ.நா. மனித உரிமைகள் குழு 2004 இல் கூறியது. ஆனால் அந்தக் குழுவுக்கு முறையிட வழிவிட்ட உடன்படிக்கையில் ஜனாதிபதி சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்று எங்கள் உயர் நீதிமன்றம் 2006 இல் தீர்த்தது. ஜெனீவா தீர்ப்பைக் கொண்டுவந்தால் சிறைக் கதவு திறக்கும் என்று நம்பியிருப்பவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும்: போராட்டம் இங்குள்ள நீதிமன்றத்தில்தான்.

வல்வெட்டித்துறையிலிருந்து: "2022 திருத்தத்துக்குப் பிறகு பிணை எடுக்கலாமா?"

முன்பு சட்டமா அதிபரின் சம்மதம் இல்லாமல் அசைய முடியாது. இப்போது கைதாகி 12 மாதம் கடந்தும் வழக்கு விளக்கம் தொடங்காவிட்டால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் பிணை விண்ணப்பம் செய்யலாம். அமைச்சரின் தடுப்புக் கட்டளைக்கான உச்ச எல்லையும் 18 மாதத்திலிருந்து 12 ஆகக் குறைந்தது. சட்டத்தரணி போய்ப் பார்க்கும் உரிமையும் எழுத்தில் வந்திருக்கிறது. முன்னேற்றந்தான். ஆனால் குற்றப்பத்திரிகை இல்லாமல் ஒரு மனிதனை ஒரு வருடம் வைத்திருப்பது இன்னும் நீண்ட காலமே.

யாழ். பல்கலைக்கழக மாணவி: "பயங்கரவாதம் என்றால் என்ன என்று சட்டத்தில் வரைவிலக்கணமே இல்லையாமே. உண்மையா?"

உண்மை. 2 ஆம் பிரிவு குற்றங்களைப் பட்டியலிடுகிறது. பயங்கரவாதம் என்ற சொல்லை வரையறுக்கவில்லை. உலகத்திலும் இணக்கம் இல்லை. ஐ.நா. பொதுச்சபை 1996 இல் அமைத்த சிறப்புக் குழு முழுமையான உடன்படிக்கை ஒன்றுக்கு முயன்றது. அதற்குத் தலைமை வகித்தவர்களில் இலங்கையரான ரொஹான் பெரேராவும் ஒருவர். விடுதலைப் போராட்டத்தையும் அரச படைகளின் செயலையும் எங்கே வைப்பது என்ற இடத்தில் அது நின்றுவிட்டது.

வரைவிலக்கணம் ஏன் முக்கியம் என்பதற்கு ராஜீவ் காந்தி கொலை வழக்கைப் படியுங்கள். இந்தியாவின் அக்காலப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவில் பயங்கரவாதச் செயலுக்கு ஒரு நோக்கம் வேண்டும்: அரசை அச்சுறுத்துவது அல்லது மக்களைப் பீதிக்குள்ளாக்குவது. அந்த நோக்கம் எண்பிக்கப்படவில்லை என்று கூறி, இந்திய உச்ச நீதிமன்றம் 1999 இல் தடாவின் கீழான பயங்கரவாதத் தீர்ப்பை நீக்கியது. ஆனால் கொலைச் சதிக்கான தண்டனை சாதாரண தண்டனைச் சட்டத்தின் கீழ் நின்றது. விசாரணை நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்திருந்தது. உச்ச நீதிமன்றம் நால்வருக்கு அதை உறுதிசெய்தது, மூவருக்கு ஆயுளாக்கியது, 19 பேரை விடுவித்தது. ஒரு முன்னாள் பிரதமரின் கொலையிலேயே தண்டனை சாதாரண தண்டனைச் சட்டத்தின் கீழ் நின்றதையும், சொல் தெளிவாக இருந்ததால் நீதிமன்றம் ஆளாளாகப் பிரித்துப் பார்க்க முடிந்ததையும் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் சட்டத்தில் அந்த நோக்கப் பகுதி இல்லை. 2018 இலும் 2023 இலும் மாற்றுச் சட்டமூலங்கள் வந்தன, அவை நிறைவேறவில்லை.

உடுப்பிட்டியிலிருந்து: "கனடாவில உள்ள தம்பி சனசமூக நிலையத்துக்குக் காசு அனுப்பப் போறார். தடைப் பட்டியலால பிரச்சினை வருமோ?"

2012 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க ஐக்கிய நாடுகள் ஒழுங்குவிதிகளின் கீழ் வர்த்தமானியில் பெயர் வந்தவர்களோடு காசுக் கொடுக்கல் வாங்கல் குற்றம். 2014 இல் 16 அமைப்புகளும் 424 ஆட்களும் பட்டியலிடப்பட்டார்கள். பிறகு பலரை நீக்கினார்கள், 2021 இல் மீண்டும் சேர்த்தார்கள், 2022 இல் மறுபடியும் பலரை நீக்கினார்கள். ஆகவே பழைய பட்டியலைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். எங்களுக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லாததால் ஒரே பெயர், ஒரே தலைப்பெழுத்து பலருக்கு இருக்கும். தம்பியின் பெயர் ஒத்துவந்தால் கடவுச்சீட்டு இலக்கத்தையும் பிறந்த திகதியையும் ஒப்பிட்டு வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள்.

உண்டியலில், அதாவது வங்கி ஊடாகப் போகாமல் ஆள் மூலம் காசு மாற்றும் முறையில், அனுப்ப வேண்டாம். நாணயமான ஆள், ஊர்க்காரர், கூலி குறைவு எல்லாம் சரி. ஆனால் நாளைக்கு 'இந்தக் காசு எங்கிருந்து வந்தது' என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு துண்டும் இருக்காது. நிலையத்தின் வங்கிக் கணக்குக்கு அனுப்பி, கூட்டக் குறிப்பில் பதிந்து, செலவுப் பற்றுச்சீட்டுகளைக் கோவையில் போடுங்கள்.

பருத்தித்துறை வாசகர்: "மாவீரர் நாளில முகநூலில படம் போட்டால் பிடிப்பினமோ?"

உங்கள் பிள்ளையை நினைத்து விளக்கேற்றுவது குற்றமாகாது. தடைசெய்யப்பட்ட அமைப்பின் சின்னம், கொடி, தலைவரின் படம் ஆகியவற்றைப் பகிரும்போதுதான் சிக்கல். அப்படிப் பகிர்ந்து கைதானவர்கள் இருக்கிறார்கள். இனங்களுக்கிடையே பகை மூட்டும் சொல் என்ற ஏற்பாடு மிகவும் அகலமானது. ஊடகவியலாளர் ஜே.எஸ்.திசைநாயகத்துக்கு அவர் எழுதியவற்றுக்காக 2009 இல் 20 ஆண்டுக் கடூழியச் சிறை விதித்தது இந்தச் சட்டத்தின் கீழ்தான். அடுத்த ஆண்டு அவருக்குப் பொதுமன்னிப்புக் கிடைத்தது. சரியென்று இதைச் சொல்லவில்லை. உள்ள நிலைமையைச் சொல்கிறேன்.

நல்லூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: "நீங்கள் உரிமை உரிமை என்கிறீர்கள். கடும் சட்டம் இல்லாமல் குண்டு வைப்பவனை எப்படித் தடுப்பது?"

நியாயமான கேள்வி ஐயா. பயங்கரவாதத்தை நான் லேசாக எடுக்கவில்லை. எங்கள் மாநகர முதல்வர்கள் மூவரை இழந்த ஊர் இது: 1975 இல் அல்பிரட் துரையப்பா, 1998 இல் சரோஜினி யோகேஸ்வரன், அதே ஆண்டில் பொன். சிவபாலன். கொலையாளியைப் பிடிக்க வேண்டும் என்பதில் எனக்கும் உங்களுக்கும் வேறுபாடு இல்லை.

ஆனால் கடுமை பலன் தந்ததா என்று பாருங்கள். 1979 ஜூலையில் இந்தச் சட்டம் வந்தது, அதே மாதத்தில் யாழ்ப்பாணத்தில் அவசரகாலம். டிசம்பர் 31 க்குள் பயங்கரவாதத்தை ஒழிக்கும்படி பிரிகேடியர் வீரதுங்கவுக்கு ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தன கட்டளையிட்டார். அந்த நாட்களில் பிடிபட்ட இளைஞர்களின் சடலங்கள் பண்ணையடியில் கிடந்தன. அதைப் பார்த்த தலைமுறை என்ன முடிவுக்கு வந்தது என்று உங்கள் வயதினருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. யுத்தம் 2009 மே வரை போனது.

பிறகு 2019 ஏப்ரல் 21. சட்டம் அப்படியே கையில் இருந்தது. 18 மாதம் தடுத்துவைக்கலாம், ஒப்புதல் வாங்கலாம். இந்தியாவிலிருந்து ஏப்ரல் 4 இலேயே எச்சரிக்கையும் வந்தது. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 260 க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபா இழப்பீடு கட்டச் சொன்னது. பொலிஸ் மாஅதிபராக இருந்தவருக்கும் அரச புலனாய்வுச் சேவைப் பணிப்பாளராக இருந்தவருக்கும் ஏழரைக் கோடி வீதம். கையில் வந்த தகவலை வைத்துக்கொண்டு செயற்படாததற்காக.

குண்டைத் தடுப்பது தகவல். தகவல் தருவது பக்கத்து வீட்டுக்காரன், மசூதிக்குப் போகிறவன், கடைக்காரன். தங்கள் பிள்ளையையும் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று அஞ்சும் சனம் பொலிஸுக்கு வாய் திறக்காது. இன்னொன்று: அடித்து வாங்கிய ஒப்புதல் கையில் இருந்தால் அதிகாரி அதற்குமேல் தேட மாட்டார். தொலைபேசிப் பதிவு, வங்கிக் கணக்கு, வெடிபொருளின் மூலம் எல்லாம் கோவைக்குள் தூங்கும். பிழையான ஆள் உள்ளே இருப்பான், செய்தவன் வெளியே இருப்பான். 16 ஆம் பிரிவை நீக்கச் சொல்வது குற்றவாளிக்கு இரங்கி அல்ல ஐயா. உண்மையான குற்றவாளி பிடிபட வேண்டும் என்பதற்காகவே.

கிளிநொச்சியிலிருந்து: "மகனை அடிச்சு ஆறு கிழமை ஆயிற்று. அடிப்படை உரிமை வழக்குப் போடலாமோ?"

உயர் நீதிமன்றத்துக்கான கால எல்லை ஒரு மாதம். ஆனால் அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், அங்கு விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டு இலக்கம் மட்டும் போதாது. விசாரணை நடப்பதைக் காட்ட வேண்டும். ஆகவே ஆணைக்குழுவிடம் அதை உறுதிப்படுத்தும் கடிதம் ஒன்று கேளுங்கள். முறையிடாமல் விட்டிருந்தாலும் கையை விரிக்க வேண்டாம். மகன் தடுப்பில் இருந்ததால் சட்டத்தரணியை அணுக முடியவில்லை என்றால் அதை நாள்வாரியாக எழுதி, சத்தியக் கடதாசியோடு மனுவில் சேர்க்கலாம். சித்திரவதைக்கு எதிரான 1994 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் செய்தவர்மீது குற்ற வழக்கு வேறாக உண்டு. அதற்கு இந்த ஒரு மாத எல்லை பொருந்தாது. வைத்தியசாலைத் துண்டின் மூலப் பிரதியை யாரிடமும் கொடுக்காமல் நிழற்பிரதியை மட்டும் கொடுங்கள்.